பாப்பாவுக்கு வந்த பந்துப் பெட்டி

அந்தப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியவள் நான்தான். அதைத் துபாயிலிருந்து வாங்கி வந்த என் தம்பி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். "அவ்வளவு தூரத்துலேர்ந்து மடியில வச்சுத் தூக்கிட்டு வந்தேன், இந்த அக்கா பத்து நிமிஷத்துல புடுங்கிப் போட்டுச்சு" என்பான். பத்து நிமிஷம் என்பது சுத்தப் பொய். நாற்பது நிமிஷம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நாற்பது நிமிஷமும் என் மகள் கண்ணைக்கூடக் கொட்டவில்லை. அதனால்தான் பிடுங்கினேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அரியலூரில் குடியிருந்தோம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் உலகத்தையெல்லாம் இணைத்துவிடுகிற வேலை. என் வீட்டுக்காரருக்குச் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட். எங்களுக்கு ஒரே பெண். எட்டு வயது. பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள்.

இன்றைக்கு அதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அன்று எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஊமை என்று ஒருத்தர் சொல்வார், மந்தம் என்று இன்னொருத்தர் சொல்வார், காத்து கருப்பு என்று மூன்றாமவர் கயிறு கட்டிவிடுவார். அவள் ஊமையும் இல்லை, மந்தமும் இல்லை. தண்ணி கேட்பாள், வேணாம் என்பாள், ரேடியோவில் காலையில் சொல்கிற வானிலை அறிக்கையை ஒரு எழுத்து பிசகாமல் சாயங்காலம் ஒப்பிப்பாள். அம்மா என்று மட்டும் கூப்பிட்டதில்லை. முகத்தைப் பார்த்ததும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவளுடைய உலகமே எவர்சில்வர் மூடிகள்தான். தரையில் மூடியை நிறுத்திச் சுண்டிவிடுவாள். அது சுற்றிச் சுற்றி, தாழ்ந்து, கிணுகிணுத்து அடங்கும்வரை பார்ப்பாள். பிறகு மறுபடியும் சுண்டுவாள். மணிக்கணக்கில். திருச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "புள்ளைய சாமானோட விடாதீங்கம்மா, மனுஷங்களோட விடுங்க" என்றார் அவர். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வீட்டிலிருந்த மூடிகளையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, சோற்றுப் பானையைத் தட்டைக் கவிழ்த்து மூடினேன். பகலில் அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவிடமும் அதையே சொல்லிவைத்தேன்.

ஒரே ஒரு நேரம் மட்டும் அவள் என்னிடம் வருவாள். சாயங்காலம் நான் டூட்டி முடிந்து வந்து முகம் கழுவியதும், சீப்பைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, என் முழங்கால்களுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்காருவாள். சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு முடிக்க அரை மணி ஆகும். அந்த அரை மணியும் முதுகை என்மேல் சாய்த்துக்கொண்டிருப்பாள். நான் வேண்டுமென்றே மெதுவாகச் சீவுவேன். போட்ட பின்னல் சரியில்லை என்று அவிழ்த்துவிட்டு மறுபடி போடுவேன். அந்த நாளில் என் வயிற்றில் பிறந்த பிள்ளை எனக்குப் பிள்ளையாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் தம்பி லீவில் வந்தான். கைலி, சென்ட் பாட்டில், டார்ச் லைட்டோடு ஒரு கறுப்புப் பெட்டியையும் எடுத்து வைத்தான். புத்தகம் அளவுக்கு இருக்கும். இரண்டு பக்கமும் ரேடியோவில் இருப்பதுபோலத் திருகும் குமிழ். அதன் வயரை எங்கள் கறுப்பு வெள்ளை டிவியின் பின்னால் சொருகி, ஏதோ திருகினான். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் வந்து நின்றன. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் பந்தாம். பந்து வரும்போது குமிழைத் திருகிக் கோட்டை நகர்த்தித் தட்டவேண்டும். தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். விட்டுவிட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட்.

"வீடியோ கேம்க்கா. ரெண்டு பேரு ஆடணும். வாங்க மாமா" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டு ஆடினார்கள். ஆள் இருக்கிற அறைக்குள்ளேயே வராத பாப்பா, கதவோரம் வந்து நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். பிறகு டிவிக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் போனதும், அப்பா கையைப் பிடித்துக் குமிழிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். மாமன் கையையும் அப்படியே எடுத்து வைத்தாள். இந்தக் கையால் ஒரு குமிழ், அந்தக் கையால் ஒரு குமிழ். இரண்டு பக்கமும் அவளே ஆட ஆரம்பித்தாள்.

பந்து வெளியே போகவே இல்லை. டொக், டொக், டொக். தம்பி துள்ளினான். "மாமா, இதப் பாருங்க! எனக்கே ஏழு தட்டு தாண்டல, இவ விடவே மாட்டேங்கிறாளே!"

என் வீட்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு வேறு மாதிரி பட்டது. இரண்டு பேர் ஆடவேண்டிய ஆட்டத்துக்குக்கூட இவளுக்கு இன்னொரு ஆள் வேண்டாம் என்றால், அப்புறம் நான் எதற்கு, என் மடி எதற்கு? எழுந்துபோய் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். பாப்பா தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். அவளைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "என் பொண்ணு ஒண்ணுல கெட்டிக்காரின்னு இன்னிக்குத்தான் ஒருத்தன் சொன்னான். அதையும் புடுங்கிப்புட்டியே."

"மூடியே போதாதுன்னு இப்பக் கரண்டு மூடி வேறயா? டாக்டர் என்ன சொன்னாரு, மறந்துபோச்சா?" என்றேன்.

"டாக்டர் அவள அஞ்சு நிமிஷம் பாத்தாரு."

"நான் எட்டு வருஷமாப் பாக்குறேன்!"

பெட்டி பீரோ மேலே ஏறியது. நாங்கள் இருவரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாப்பா பீரோவுக்குக் கீழே போய் நின்றுகொள்வாள். தம்பிக்கு லீவு முடிய நாள் நெருங்கியது. "வேணாம்னா சொல்லுக்கா, வேற யாருக்காச்சும் குடுத்துட்டுப் போறேன். ஒரு முடிவு சொல்லு" என்று அவன் நச்சரிக்க ஆரம்பித்தான்.

சேதி பெரம்பலூருக்குப் போய்விட்டது. அங்கே என் வீட்டுக்காரரின் அக்கா இருந்தார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தங்கமான மனசு, ஆனால் எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்த வாய். வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் ஹலோ சொல்றே, ஒம் புருஷனுக்கு ஒரு வார்த்த சொல்லமாட்டேங்கிறியாமே?" பிறகு காப்பியைக் குடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்க வேணாம். செட்டிகுளம் மலையில பூக்கட்டிப் பாத்துடுவோம்."

அவர்கள் வீட்டில் அது பழக்கம். கிணறு எங்கே வெட்டுவது, பெண்ணை எந்த ஊரில் கொடுப்பது, கரும்பு போடுவதா மல்லாட்டை போடுவதா, எல்லாவற்றுக்கும் முருகனைக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. சாமி காலடியில் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. வீடியோ கேம் கொடுக்கலாமா என்று முருகனை அதற்குமுன் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"பெத்தவ நீ, ஒங் கையால கட்டு. அதான் சுத்தம்" என்று அண்ணி என்னிடமே அந்த வேலையைக் கொடுத்தார். அங்கேதான் அவர் தப்புப் பண்ணினார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், அங்கே வெள்ளையும் சிவப்புமாக அரளி வாங்கிக்கொண்டு, செட்டிகுளம் பஸ்ஸைப் பிடித்தோம். மலையடிவாரத்தில் கைகால் கழுவினார்கள். நான் மட்டும் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் பூவை வைத்து நாரால் கட்டினேன். முதல் பொட்டலத்தில் சிவப்பு. இரண்டாவது பொட்டலத்திலும் சிவப்பு. வெள்ளைப் பூவைச் செடிக்கடியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். "மன்னிச்சுக்கப்பா முருகா, எனக்கு வேற வழி தெரியல" என்று மட்டும் மலையைப் பார்த்துச் சொன்னேன்.

பாப்பா ஒவ்வொரு படியையும் இரண்டு காலாலும் மிதித்துத்தான் ஏறுவாள். அவளோடு ஏறி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் கோயிலில் கூட்டம் இல்லை. குருக்கள் பொட்டலங்களை வாங்கிக் காலடியில் வைத்து, தீபம் காட்டி, தட்டில் எடுத்துக்கொண்டு வந்தார். எடுப்பதற்கு ஒரு குழந்தை வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தார். எங்கள் பிள்ளையைத் தவிர வேறு குழந்தை இல்லை.

"அவளுக்குச் சொன்னாப் புரியாதுங்க" என்று அண்ணி இழுத்தார்.

"விவரம் தெரியாத குழந்தைதானம்மா எடுக்கணும்? அதுவே எடுக்கட்டும்" என்றார் குருக்கள்.

தட்டை நீட்டியதும் பாப்பா ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நாரை அவிழ்த்தாள். சிவப்பு. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உத்தரவு இல்ல. சரி, அவ்வளவுதான். விட்ருங்க." என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

பிள்ளையைப் பெற்றவளுக்கு அவள் குணம் தெரியவேண்டாமா? எனக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே போயிற்றோ. வாசலில் ஒரு செருப்பு கோணலாக இருந்து அதை நேராக்கினால், கோணாத இன்னொன்றையும் தொட்டு வைக்கிறவள் அவள். இரண்டு இருந்தால் இரண்டையும் முடிப்பாள். நான் கண்ணைத் திறந்தபோது அவள் இரண்டாவது பொட்டலத்தையும் அவிழ்த்திருந்தாள். இரண்டு சிவப்பு அரளியையும் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காம்பை ஒரே திசைக்குத் திருப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டாள்.

குருக்கள் விளக்குக்கு எண்ணெய் விடப்போவதுபோல உள்ளே திரும்பிக்கொண்டார்.

"அடிப்பாவி! சாமிகிட்டயேவா?" என்றார் அண்ணி.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மூன்று சுற்றுச் சுற்றித் தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வா என்று அண்ணி விரட்டினார். மறுபேச்சில்லாமல் சுற்றினேன். இறங்கும்போது என் வீட்டுக்காரர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா அவருக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள். அண்ணி முன்னால் போய்விட்டார்.

"ஒண்ணுல வெள்ளை வச்சிருக்கலாமுல்ல?" என்றார் என் வீட்டுக்காரர். கோபமே இல்லை குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வெள்ளை வந்துட்டா?"

"வந்துட்டா என்னா?"

"வந்துட்டா அவ சீப்பு எடுத்துட்டு வரமாட்டாளேங்க!" என்று கத்திவிட்டேன். படியிறங்கிய இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன். நாள் முழுக்க அவள் வேறெங்கோ இருக்கிறாள், அந்த அரை மணிதான் என்மேல் சாய்கிறாள், அதையும் அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்று மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னேன். நான் தலை பின்னுவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். தலை பின்னுவது என்றுதான் நினைத்திருக்கிறார்.

கீழே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்தார். பிறகு, "எனக்கு அந்த அரை மணியும் இல்லையே" என்றார். "அன்னிக்கு அவ என் கையத் தொட்டு எடுத்து வச்சா, பாத்தியா? தள்ளித்தான் விட்டா. ஆனாத் தொட்டா. எத்தன நாளாச்சு தெரியுமா அவளாத் தொட்டு?"

எனக்கு அழுகை நின்றுபோயிற்று. எட்டு வருஷமாக நான் பார்க்கிறேன் என்று மார்தட்டினேனே, அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியை நான் எனக்காகத்தான் வேண்டாம் என்றேன் என்பது அந்தப் படியில் வைத்துத்தான் எனக்கே புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, பெட்டியை நானே இறக்கினேன். தம்பி ஒன்றும் கேட்காமல் மாட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் துபாய்க்குக் கிளம்பினான். சாயங்காலம் தலை பின்னிய பிறகு ஒரு மணி நேரம் மட்டும்தான் ஆட்டம் என்று சட்டம் போட்டேன். நான் போட்ட சட்டத்தை யார் கேட்டார்கள்? முதல் நாளே நான் முகம் கழுவி வருவதற்குள் அவள் டிவிமுன் உட்கார்ந்துவிட்டாள். சீப்பு வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அடுக்களையில் நின்று, "திருப்திதானே உங்களுக்கு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். பாவம் மனிதர், பெட்டியைக் கட்டிவைக்கிறேன் என்றுதான் எழுந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மறுபடி ஒருமுறை அவளிடமிருந்து எதையும் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை.

நாலாம் நாள் எனக்கு ஒரு வீம்பு வந்தது. நீ வராவிட்டால் போ, நான் வருகிறேன். சீப்பை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அவள் சாயவில்லை. தள்ளவும் இல்லை. சிக்கெடுக்க ஆரம்பித்தேன். டொக், டொக் என்று பந்து போய் வந்தது. பார்க்கக்கூடாது என்று இருந்தவளுக்குக் கொஞ்ச நேரத்தில் கண் தன்னால் அங்கே போயிற்று. பந்து ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றது. அவள் ஒவ்வொன்றையும் தட்டிவிட்டாள்.

அப்போது கரண்ட் ஒரு நொடி மங்கித் திரை ஆடியது. பந்து தப்பி வெளியே ஓடிவிட்டது.

"அய்யய்யோ, போச்சு!" என்று கத்திவிட்டேன். பால் பொங்கினாலும் ட்ரங்க் கால் அறுந்தாலும் நான் அப்படித்தான் கத்துவேன்.

அவள் கை நின்றது. பிறகு மறுபடி ஆடினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பந்து போயிற்று. "போச்சு!" என்றேன். அடுத்தது உடனே போயிற்று. "அடடா, இதுவும் போச்சே!" நாள்கணக்கில் ஒரு பந்தும் விடாதவள் இப்படி விடுகிறாளே, கண் வலிக்கிறதோ, காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

அடுத்த பந்தைக் கவனித்துப் பார்த்தேன். அது நேராக வந்தது. அவளுடைய கோடு சரியாக அதற்கு எதிரே நின்றது. சும்மா இருந்தாலே தட்டியிருக்கும். அவள் குமிழைத் திருகி, கோட்டை ஒதுக்கி, பந்துக்கு வழி விட்டாள். விட்டுவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

அப்படியும் இருக்குமா என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். ஒரு பந்து போயிற்று. நான் பேசவில்லை. இன்னொன்று போயிற்று. நான் பேசவில்லை. மூன்றாவது பந்தும் போனபிறகு, பாப்பா குமிழிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டுத் திரும்பினாள். முதலில் என் வாயைப் பார்த்தாள். பிறகு கண்ணைப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் முதல்முறையாக என் மகள் என் கண்ணைப் பார்த்தாள். உனக்கு என்ன ஆயிற்று, ஏன் சொல்லமாட்டேன் என்கிறாய் என்று கேட்கிற பார்வை. பார்த்துக்கொண்டே, என் இழுப்பு மாறாமல் என்னைப்போலவே சொன்னாள். "அய்யய்யோ, போச்சு."

"போச்சுடி என் தங்கமே, போச்சு, போச்சு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். "என்னா ஆச்சு? என்னா போச்சு?" என்று வாசற்படியில் நின்று பதறினார். கையால் அவளைக் காட்டினேன். பாப்பா திரைப்பக்கம் திரும்பி, அடுத்த பந்துக்கும் வழி விட்டுவிட்டு, எனக்காகக் காத்திருந்தாள்.